கதவைத் திறந்து பாருங்கள், பிறகு கூலர் வாங்கலாம்

கணினி கேள்வி பதில்

பிரின்டர், வைஃபை, ஹேங் ஆகும் லேப்டாப் எல்லாவற்றையும் இந்த இதழில் ஒதுக்கி வைத்துவிட்டேன். வந்து குவிந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: "கேம் ஆடும்போது ப்ராசஸர் கொதிக்கிறது, எந்தக் கூலர் வாங்கலாம்?" பலர் டிகிரியை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ப்ராசஸர் எது, எத்தனை வாட் இழுக்கிறது, கேபினட் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒருவர் ப்ராசஸரின் பெயரை விட்டுவிட்டு, உள்ளே எரியும் விளக்குகளின் நிறத்தை மட்டும் விவரமாக எழுதியிருக்கிறார். நிறத்தைப் பார்த்து கூலர் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. விவரம் தந்தவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

மேடம், என்னிடம் இருப்பது கோர் ஐ7-14700கே. ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர் போட்டிருக்கிறேன். கேம் ஆடும்போது 85 டிகிரி. வீடியோ ரெண்டர் போட்டால் அரை நிமிடத்தில் 100ஐத் தொட்டு, வேகம் 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடுகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'பேக்கேஜ் பவர்' (ப்ராசஸர் மொத்தமாக இழுக்கும் மின்சாரம்) 250 வாட் வரை காட்டுகிறது. கேபினட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. 360 மில்லிமீட்டர் வாட்டர் கூலர்தான் ஒரே வழி என்கிறான் நண்பன். வாங்கிவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். கேட்க வேண்டிய மாதிரி கேட்டிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு நீளமாகவே பதில்.

முதலில் அந்த 250 வாட். உங்கள் ப்ராசஸரின் விவரப் பட்டியலில் 125 வாட் என்று ஒரு எண் இருக்கும். அது அடிப்படை வேகத்தில் ஓடும்போது ஆகும் மின்சாரம். அதே பட்டியலில் சற்றுக் கீழே 253 வாட் என்று இன்னொரு எண் உண்டு. டர்போ வேகத்தில் இழுக்கக்கூடிய உச்சம் அதுதான். கூலர் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் முதல் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள், ப்ராசஸரோ இரண்டாவது எண்ணில் ஓடுகிறது. போதாக்குறைக்கு, பல மதர்போர்டுகள் அந்த 253ஐயும் மதிப்பதில்லை. பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) பவர் லிமிட் இருக்கும் இடத்தில் 4096 வாட் என்று போட்டு வைத்திருப்பார்கள். வரம்பே இல்லை என்பதை நாசூக்காகச் சொல்லும் முறை அது. உங்களுடையது 250ஐத் தாண்டாமல் நிற்பது வரம்பு இருப்பதாலா, அதற்குள் 100 டிகிரி வந்து கையைக் கட்டிவிடுவதாலா என்று பயாஸில் போய்ப் பாருங்கள். இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒற்றை டவர், ஒற்றை ஃபேன் கூலருக்கு 250 வாட் என்பது சக்திக்கு மீறிய சுமை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் நீங்கள் ப்ராசஸரை வாங்கியது எதற்கு? கேமுக்கு. கேம் ஆடும்போது அதே வாட் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 100க்கும் 150க்கும் நடுவில்தான் இருக்கும். அந்த அளவை உங்கள் கூலர் சமாளிக்க வேண்டும். அப்படியும் 85 டிகிரி வருகிறது என்றால் எனக்குச் சந்தேகம் கூலர் மேல் இல்லை, அந்தக் கண்ணாடி மேல்.

செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். ஒரே கேம், அதில் ஒரே இடம், இருபது நிமிடம் ஆடுங்கள். ப்ராசஸர் டிகிரி, கிராபிக்ஸ் கார்டு டிகிரி இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அதே இடத்தில் அதே இருபது நிமிடம். இரண்டு மூன்று டிகிரி மட்டும் இறங்கினால் பிரச்சினை கூலரிலோ, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்டிலோ இருக்கிறது. எட்டு, பத்து டிகிரி இறங்கினால் கூலர் நல்லவர், அவருக்கு மூச்சுவிடக் காற்றில்லை. 300 வாட் கிராபிக்ஸ் கார்டு ஒன்று கீழே உட்கார்ந்து தன் சூட்டையெல்லாம் மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூட்டுக் காற்றையே உறிஞ்சி ப்ராசஸரைக் குளிர்விக்கச் சொன்னால் எந்தக் கூலராலும் முடியாது. சுற்றியிருக்கும் காற்று எவ்வளவு சூடோ, அதற்கு மேல்தான் கூலரின் கணக்கு ஆரம்பிக்கிறது. உள்ளே காற்று பத்து டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு சந்து விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் மூன்று ஃபேன் வைத்து விற்கிறார்கள். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், காற்று மட்டும் வராது. இப்படிப்பட்ட கேபினட்டின் முன்பக்கத்தில் வாட்டர் கூலரின் 360 ரேடியேட்டரை (தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் பகுதி) மாட்டினால் அதுவும் அந்தச் சந்து வழியாகத்தான் மூச்சுவிட வேண்டும்.

அடுத்தது பயாஸ். லாங் டியூரேஷன், ஷார்ட் டியூரேஷன் என்று இரண்டு பவர் லிமிட் இருக்கும். மாடல்படி பிஎல்1, பிஎல்2 என்றும் எழுதியிருக்கலாம். இரண்டிலும் 180 என்று போட்டுவிட்டு ரெண்டரை மறுபடி ஓட்டுங்கள். மின்சாரச் செலவு வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை, வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜைத் தூக்கும்போதுதான் வாட் எகிறுகிறது. அதனால் வாட்டில் கால்பாகத்துக்கு மேல் வெட்டினாலும் ரெண்டர் வேகம் அந்த விகிதத்தில் குறையாது. கேமில் வித்தியாசமே தெரியாது, அங்கே நீங்கள் 180ஐத் தொடுவதே அபூர்வம்.

பயாஸுக்குள் போனதும் அதன் தேதியையும் பாருங்கள். 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் தேவைக்கு மீறிய வோல்டேஜ் போய் சிப் மெல்ல மெல்லக் கெடும் கோளாறு 2024இல் பெரிய விவகாரமானது. உங்கள் 14700கே அந்தப் பட்டியலில் உண்டு. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று இன்டெல் மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தங்கள் கொடுத்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. 2024 செப்டம்பருக்கு முந்தைய பயாஸில் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், கூலரைப் பற்றி யோசிக்கும் முன் அதை மாற்றுங்கள். கெட்டுப்போன சிப்பைத் திருத்தம் சரியாக்காது, கெடாமல் இருக்கும் சிப்பைக் காப்பாற்றும்.

இவ்வளவும் செய்த பிறகும் சூடு குறையவில்லை என்றால் இரட்டை டவர், இரட்டை ஃபேன் கூலர் ஒன்று வாங்குங்கள். 200 வாட்டை ஒட்டி இந்தச் சிப்பில் அது தாக்குப்பிடிக்கும். கேபினட்டின் விவரத்தில் 'கூலர் உயரம்' என்று ஒரு அளவு இருக்கும், அதை முதலில் பாருங்கள். நாக்டுவா என்எச்-டி15 மாதிரி பெரியவை 165 மில்லிமீட்டர் உயரம். 160 மட்டுமே இடம் இருக்கும் கேபினட்டில் கதவு மூடாது. ரேம் குச்சிகள் உயரமானவை என்றால் முன் ஃபேன் அவற்றின் மேல் இடிக்கும், அப்போது ஃபேனைச் சற்றுத் தூக்கி மாட்டுவார்கள், உயரம் இன்னும் கூடும். தினமும் மணிக்கணக்கில் ரெண்டர் போடுவதுதான் பிழைப்பு, 253 வாட்டும் எனக்கு வேண்டும் என்றால் அப்போது நண்பர் சொன்ன 360 சரி. அதையும் கேபினட்டின் மேல்பக்கத்தில் மாட்டுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வேண்டாம்.

உங்கள் நண்பருக்கு ஒரு கேள்வி: அவர் வீட்டுக் கேபினட்டின் முன்பக்கம் என்ன, கம்பி வலையா கண்ணாடியா?

அக்கா, ரைசன் 9 7950எக்ஸ் வைத்திருக்கிறேன். 240 வாட்டர் கூலரில், ப்ராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஓட்டினால் 95 டிகிரி. 360 வாங்கி மாட்டினேன், அப்போதும் 95. கூலர் டூப்ளிகேட்டா?

கூலர் அசல்தான் தம்பி. 95 டிகிரி வரை ஏறிப்போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படி ஏஎம்டி இந்த ப்ராசஸரை அமைத்திருக்கிறது. பெயரளவில் 170 வாட், சாக்கெட் வழியே 230 வாட் வரை இழுக்கலாம். அந்த 230ஐத் தொடும் வரை அல்லது 95 டிகிரியைத் தொடும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நல்ல கூலர் போட்டால் குறைந்த டிகிரியில் ஓடாது, அதே 95இல் கூடுதல் வேகத்தில் ஓடும். 240இல் வந்த சினிபெஞ்ச் ஸ்கோரையும் 360இல் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த காசு அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. வித்தியாசம் சின்னதாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அதற்கும் காரணம் உண்டு.

இந்த ப்ராசஸரில் கோர்கள் இருக்கும் சில்லுகள் ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். நூறு வாட்டுக்குப் பக்கத்தில் சூடு அந்தத் துளி இடத்தில் பிறந்து, மேலே இருக்கும் தடித்த உலோக மூடியைத் தாண்டித்தான் கூலரைத் தொட முடியும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே எட்டு வழிச் சாலை போட்டாலும், வாசல் ஒற்றைக் கதவாக இருந்தால் கூட்டம் அந்த வேகத்தில்தான் வெளியே வரும். ஏஎம்டியின் பழைய சாக்கெட்டான ஏஎம்4இன் கூலர்களே புது ஏஎம்5 போர்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக மூடியின் தடிமனைக் கூட்டினார்கள். கூலரை மாற்றாமல் தப்பித்தவர்களுக்கு லாபம், சூட்டுக்கு நஷ்டம்.

டிகிரி கண்ணை உறுத்துகிறது என்றால் பயாஸில் ஈக்கோ மோடு இருக்கிறது. 105 வாட் ஈக்கோவைப் போட்டால் சாக்கெட்டில் 142 வாட்டோடு நிற்கும், 65 போட்டால் 88 வாட். 105இல் வையுங்கள். கேமில் கிட்டத்தட்ட எதுவும் இழக்கமாட்டீர்கள், எண் சட்டென்று இறங்கும், ஃபேன் சத்தமும் அடங்கும். கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 என்று யூடியூபில் பார்த்துவிட்டு அப்படியே போடாதீர்கள். மைனஸ் 10இல் ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் சில நாள் ஓட்டிப் பாருங்கள். நிலைக்காத கோர் முழு லோடில் தப்பித்துவிடும், நீங்கள் எதுவுமே செய்யாமல் சும்மா விட்டிருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும்.

ரைசன் 7 7800எக்ஸ்3டி, கேமில் 82 டிகிரி. ஆபத்தா?

இதன் வரம்பு 89 டிகிரி, எக்ஸ்3டி அல்லாத ரைசன் 7000களைவிடக் குறைவு. கோர்களின் மேல் கூடுதல் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) சில்லு ஒன்றை அடுக்கியிருப்பதால் சூடு மேலே வரச் சிரமப்படுகிறது. 82 ஆபத்தில்லை. ஆனால் இந்த ப்ராசஸர் கேமில் பெரும்பாலும் 80 வாட்டைக்கூடத் தாண்டாது, நல்ல ஒற்றை டவரே இதற்குப் போதும். அந்த 82 எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது. மேலே சொன்ன கதவுச் சோதனையைச் செய்துவிட்டு எழுதுங்கள். 2024இல் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்கு அடியில் மாற்றிவிட்டார்கள், அதனால் அதற்கு வரம்பு 95.

ரைசன் 5 5600எக்ஸ். மூன்று வருடமாக 70ஐத் தாண்டியதில்லை. இப்போது அதே கேமில் 92. புதுக் கூலர் வாங்குமுன் பேஸ்ட் மாற்றலாமா? எவ்வளவு வைக்க வேண்டும்? ஒருவர் சிலுவை மாதிரி என்கிறார், ஒருவர் நடுவில் பொட்டு என்கிறார்.

மூன்று வருடம் ஒழுங்காக இருந்து கெட்டுப்போனால் கூலரின் அளவு காரணமாக இருக்க முடியாது. தூசி, காய்ந்த பேஸ்ட், நின்றுபோன ஃபேன், தளர்ந்த ஸ்க்ரூ, இவற்றில் ஒன்றுதான். டார்ச் அடித்துக் கூலரின் தகடுகளுக்கு நடுவில் பாருங்கள். ஃபேனுக்கும் தகடுக்கும் இடையில் தூசி கம்பளி மாதிரிப் படர்ந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் விட்டால் தாங்கமுடியாத வேகத்தில் சுற்றி பேரிங் போய்விடும்.

கூலரைக் கழற்றுவதில் உங்களுக்கு ஒரு கண்டம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 5600எக்ஸ் ஏஎம்4 சாக்கெட்காரர். 1331 பின்களும் ப்ராசஸரின் அடியில் இருக்கும். காய்ந்த பேஸ்ட் பசையாகப் பிடித்திருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட் பூட்டியிருந்தும் ப்ராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும். பின் வளைந்தால் அப்புறம் ஊசியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார வேண்டியதுதான். பத்து நிமிடம் ஏதாவது கனமான கேமை ஓட்டிப் பேஸ்டை இளகவிட்டு, ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். ஸ்க்ரூவோ கொக்கியோ விட்டதும் கூலரை இடவலமாக மெல்லத் திருகுங்கள். வழுக்குவது கையில் தெரியும். அதன் பிறகுதான் தூக்க வேண்டும்.

சிலுவையா பொட்டா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் ப்ராசஸருக்கு நடுவில் பட்டாணி அளவு போதும், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். நீள்சதுரமான பெரிய மூடி என்றால் சிலுவை போடுங்கள், மூலை வரைக்கும் போகும். கொஞ்சம் அதிகமானால் ஓரத்தில் வழியும், சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, துடைத்தால் போயிற்று. குறைவாக வைப்பதுதான் தப்பு. தாமிரம் சூட்டைக் கடத்தும் அளவை 400 என்று வைத்துக்கொண்டால் நல்ல பேஸ்ட் பத்துக்கு அக்கம்பக்கம், காற்று 0.03க்கும் கீழே. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் காற்று நிற்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே பேஸ்டின் வேலை. அதனால் பெயர்பெற்ற இரண்டு பேஸ்ட்களுக்கு நடுவில் ஓரிரு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அடிக்கடி கழற்ற மனமில்லாதவர்களுக்கு ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாள் இருக்கிறது. 45 டிகிரியை ஒட்டி இளகிப் படிந்துகொள்ளும், பேஸ்ட் மாதிரி நாள்போக்கில் ஓரத்துக்கு ஒதுங்காது. எனக்குப் பிடித்தது அதுதான். லிக்விட் மெட்டல் பக்கம் போகாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அதிலிருக்கும் கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

இன்னொன்று. புதுக் கூலர் மாட்டிய அன்றே 95 காட்டுகிறது என்று சொல்லி என் மேசைக்கு வரும் கணினிகளில் நான் முதலில் பார்ப்பது கூலரின் அடிப்பகுதியை. அங்கே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பார்கள். 'மாட்டுமுன் அகற்றவும்' என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கும், அந்த எழுத்தின் மேலேயே பேஸ்ட் அழகாக, மூலை வரைக்கும், சமமாகப் பரவியிருக்கும். கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்காமல் தாளை உரித்துக் கொடுத்துவிடுவேன்.

வாட்டர் கூலர் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாகக் குடகுடவென்று சத்தம். இப்போது கேம் திறந்தாலே சில நொடிகளில் 100 டிகிரி. ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றன.

பம்ப் நின்றிருக்கும். கைவைத்தே கண்டுபிடிக்கலாம். லோடில் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். பம்ப் ஓடினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பில் இருக்கும். ப்ராசஸர் பக்கம் கொதித்து ரேடியேட்டர் பக்கம் ஜில்லென்று இருந்தால் தண்ணீர் நகரவில்லை. மதர்போர்டில் பம்பின் ஆர்பிஎம் பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பாருங்கள். சில நேரம் வயர் கழன்றிருக்கும், அல்லது பம்பை ஃபேன் முனையில் மாட்டி, அந்த முனை சூட்டுக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். பம்புக்கு எப்போதும் முழு வோல்டேஜ் போக வேண்டும்.

குடகுட சத்தம் காற்று. ரப்பர் குழாய் வழியாக வருடக்கணக்கில் துளித்துளியாகத் தண்ணீர் ஆவியாகிப் போகும், அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய் நிற்கும். உங்கள் ரேடியேட்டர் பம்பைவிடத் தாழ்வாக மாட்டப்பட்டிருந்தால் அந்த உயரமான இடம் பம்புதான், அது காற்றை மென்று மென்றே தேய்ந்திருக்கும். ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். இந்த ரகக் கூலர்களில் பெரும்பாலானவற்றைத் திறந்து தண்ணீர் நிரப்ப வழியில்லை. வாரன்டி மீதி இருந்தால் கேளுங்கள், ஆறு வருடம் தருபவர்களும் உண்டு. இல்லையென்றால் இந்த முறை காற்றுக் கூலர் வாங்குங்கள் என்பேன். அதில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான், ஃபேனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மகன் வாட்டர் கூலிங் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கரன்ட் ஓடும் பெட்டிக்குள் தண்ணீரை வைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. காற்றுக் கூலர் போதாதா?

போதும் ஐயா, பெரும்பாலான கேமிங் ப்ராசஸர்களுக்குப் போதும். ஆனால் பயத்துக்காக மறுக்க வேண்டாம், மகனிடம் மாட்டிக்கொள்வீர்கள். காற்றுக் கூலர் என்று நாம் சொல்வதற்குள்ளும் தண்ணீர் உண்டு. அந்தத் தாமிரக் குழாய்கள் திடமான கம்பிகள் இல்லை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருக்கிறார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகி, தகடுகள் இருக்கும் முனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து, உள்சுவரில் படிந்த தாமிரத் துகள் வழியாகத் திரி எண்ணெய் ஏறுவதுபோல் திரும்பி வரும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 1963இல் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டினார். விண்கலங்களில் பயன்பட்ட பொருள் இன்று உங்கள் வீட்டு மேசைக்குக் கீழே.

வாட்டர் கூலர் ஒழுகுவது அபூர்வம். அவனிடம் ப்ராசஸர் எத்தனை வாட் என்று கேளுங்கள். 120க்குக் கீழே என்று சொன்னால் அவனுக்கு வேண்டியது விளக்கு.

100 டிகிரி போனால் ப்ராசஸர் கருகிவிடுமா?

இப்போதெல்லாம் கருகாது. 2001இல் ஓடும் கணினிகளிலிருந்து கூலரைக் கழற்றிக் காட்டிய வீடியோ ஒன்று உலகம் சுற்றியது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது, அத்லான் புகைந்து செத்தது. அதற்குப் பிறகு எல்லாருமே சிப்புக்குள் காவல் வைத்துவிட்டார்கள். வரம்பைத் தொட்டால் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் கணினியை அணைத்துவிடும். உங்களுக்கு நஷ்டம் ஃபிரேம் ரேட்டில்தான். வருடக்கணக்கில் அந்த வரம்பிலேயே ஓட்டுவது நல்லதா என்றால், நல்லதில்லை.

ஃபேன் சத்தம் தாங்கவில்லை. பிரவுசர் திறந்தாலே விர்ரென்று ஏறி, உடனே இறங்கி, மறுபடி ஏறுகிறது. பெரிய கூலர் வாங்கினால் சரியாகுமா?

வாங்காமலே சரியாகும். இன்றைய ப்ராசஸர்கள் ஒரு க்ளிக்குக்கு ஒரு கணம் உச்சவேகத்துக்குப் போய் வருவதால் டிகிரியும் 20 ஏறி 20 இறங்கும். மதர்போர்டு அதை அப்பாவியாக நம்பி ஃபேனை விரட்டுகிறது. பயாஸின் ஃபேன் கன்ட்ரோல் பகுதியில் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன் என்றோ ஸ்மூத்திங் என்றோ ஒரு நேர அளவு இருக்கும், அதை நான்கைந்து நொடியாக வையுங்கள். 65 டிகிரி வரை ஃபேன் 40 சதவீதத்திலேயே ஓடட்டும், அதற்கு மேல் சரிவாக ஏறட்டும். ஃபேன் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், ஆனால் ஃபேன் இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்கு ஆகும், சத்தமும் அதற்கேற்ப. 60 டிகிரிக்கும் 70க்கும் ப்ராசஸர் கவலைப்படுவதில்லை, நீங்கள் எதற்குக் காது வலியைச் சுமக்க வேண்டும்?

பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைத்தே காலம் தள்ளலாமா? நண்பன் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தவர்கள்கூட உண்டு என்கிறான்.

டேபிள் ஃபேன் சோதனைக்குச் சரி. நிரந்தரமாக வைத்தால் தூசியை நீங்களே ஊதி உள்ளே அனுப்புகிறீர்கள். ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். நின்று நிதானமாகக் குளிர்விப்பதற்குச் செய்யப்பட்ட பொருள் அது, இடைவிடாமல் 400 வாட் சூடு கக்கும் பெட்டியை உள்ளே வைத்தால் கம்ப்ரசர் மூச்சுத் திணறும். குளிர்ந்த போர்டின் மேல் ஈரம் வேறு பூக்கும்.

என் பழைய கூலர் நல்ல நிலையில் இருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ1200 சாக்கெட் போர்டில் இருந்தது. இப்போது எல்ஜிஏ1700க்கு மாறுகிறேன். பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. பழைய போர்டில் ஸ்க்ரூ துளைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளி, 1700இல் 78. தவிர ப்ராசஸர் உட்காரும் உயரமும் சற்றுக் குறைந்திருக்கிறது. பழைய பிராக்கெட்டைத் திணித்து மாட்டினால் அழுத்தம் போதாமல் நடுவில் சரியாகத் தொடாது. கூலர் கம்பெனிக்கு மாடல் பெயரையும் பில்லையும் அனுப்பிக் கேளுங்கள். 1700க்கான பிராக்கெட்டைச் சிலர் இலவசமாகவே அனுப்புகிறார்கள், சிலர் தனியாக விற்கிறார்கள். பிராக்கெட் கிடைத்துவிட்டால், அதே கூலர் அடுத்த எல்ஜிஏ1851க்கும் பெரும்பாலும் உதவும். ஏஎம்4இலிருந்து ஏஎம்5க்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஏஎம்5 போர்டின் பின்தகடு கழற்றுவதற்கில்லை, தனக்கென்று சொந்தப் பின்தகடு கேட்கும் கூலர் என்றால் அங்கேயும் புது பிராக்கெட்தான்.